பிடித்த கல்லூரியை முதலில் எழுதலாமா?

"சார், இதை அடிச்சிடவா?"

பொறியியல் கலந்தாய்வுக்கு விருப்பப் பட்டியல் பதியும் நாட்கள். எங்கள் தெருவில் தையல் கடை வைத்திருப்பவரின் மகள் ஒரு ரஃப் நோட்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்துக் கேட்டாள். நோட்டில் நாற்பத்து மூன்று வரிகள். ஒவ்வொன்றிலும் கல்லூரியின் குறியீட்டு எண், பெயர், பாடப்பிரிவு. பேனா முனை நின்றது முதல் வரியில்: கிண்டி பொறியியல் கல்லூரி. அவளுடைய கட்-ஆஃப் 181.5.

"அது எனக்குக் கிடைக்காதுன்னு எல்லாரும் சொல்றாங்க சார். கிடைக்காததை முதல்ல போட்டா, கிடைக்கிறதையும் வேற யாராவது எடுத்துட்டுப் போயிடுவாங்களாம்."

அந்தப் பயத்தை அறியாமை என்று தள்ளிவிட முடியாது. அவள் சொன்னது அப்படியே நடந்த ஊர்கள் உலகத்தில் உண்டு. அங்கே பெற்றோர்கள் கூட்டம் போட்டு, எதை முதலில் எழுதுவது என்று கணக்குப் பார்த்திருக்கிறார்கள். ஆனால் தமிழ்நாட்டுக் கலந்தாய்வில் அப்படி நடக்க வழியே இல்லை. இது யாருடைய அனுபவமும் சொல்வதல்ல, நிரூபிக்கப்பட்ட கணிதம். அந்த நிரூபணத்துக்கு எண்கள்கூடத் தேவையில்லை என்பது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

முதலில் நம் கலந்தாய்வு எப்படி நடக்கிறது என்று பார்த்துவிடலாம். 2007 முதல் பொறியியலுக்கு மாநில நுழைவுத் தேர்வு கிடையாது. பிளஸ் டூ மதிப்பெண்தான் கணக்கு. கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50, ஆக 200-க்குக் கட்-ஆஃப். இயற்பியலும் வேதியியலும் பாதியாக்கப்படுவதால், மாநிலப் பாடத்திட்ட மாணவர் ஒருவரின் கட்-ஆஃப் அரை மதிப்பெண் படிகளில்தான் ஏறி இறங்கும். பூஜ்யத்திலிருந்து 200 வரை எண்ணினால் மொத்தம் 401 படிகள். விண்ணப்பிப்பவர்களோ ஒரு லட்சத்துக்கும் மேல். ஒரு லட்சம் பேரை 401 படிகளில் நிறுத்தினால் சராசரியாக ஒரு படிக்கு 250 பேர். புறாக்கள் கூண்டுகளைவிட அதிகமானால் ஏதோ ஒரு கூண்டில் இரண்டு புறாக்கள் இருந்தே தீரும் என்று கணிதத்தில் ஒரு எளிய தத்துவம் உண்டு. நம் தரவரிசைப் பட்டியல் அதற்கு மிகப் பெரிய செய்முறை விளக்கம்.

ஒரே படியில் நிற்பவர்களைப் பிரிக்க, கணித மதிப்பெண்ணில் தொடங்கி ஒவ்வொரு மதிப்பெண்ணாகப் பார்க்கிறார்கள். அதிலும் பிரியாவிட்டால் பிறந்த தேதி, மூத்தவருக்கு முன்னுரிமை. அதற்கும் பிறகு பத்து இலக்க ரேண்டம் நம்பர். செய்தித்தாளில் அந்த எண் வெளியானதைப் பார்த்துப் பலர் பதறுகிறார்கள். பெரும்பாலானவர்களுக்கு அது தேவைப்படுவதே இல்லை. எல்லா விதத்திலும் சமமாக வந்து நிற்கும் இருவரில் யார் முன்னால் என்று எவருடைய கையும் முகமும் பார்க்காமல் தீர்க்கத்தான் அது. இவ்வளவும் முடிந்தபின், லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். எந்த இரண்டு பேருக்கும் ஒரே ரேங்க் கிடையாது.

அடுத்தது இட ஒதுக்கீடு. தரவரிசையில் முதலில் நிற்பவரின் பட்டியலைக் கணினி எடுக்கிறது. முதல் வரியில் உள்ள கல்லூரியில் அந்தப் பாடப்பிரிவில் பொதுப் பிரிவு இடம் இருக்கிறதா? இல்லையென்றால் அவருடைய சமூகப் பிரிவில் இருக்கிறதா? அதுவும் இல்லையென்றால் இரண்டாம் வரி, மூன்றாம் வரி என்று இறங்கிக்கொண்டே போகிறது. இடம் இருக்கும் முதல் வரியில் நிற்கிறது. பிறகு அடுத்த ரேங்க். பொருளியல் அறிஞர்கள் இந்த முறைக்கு வைத்திருக்கும் பெயர் 'வரிசைச் சர்வாதிகாரம்'. கேட்கக் கடுமையாக இருந்தாலும் பொருள் இதுதான்: தன் முறை வரும் அந்த ஒரு நொடியில், மிச்சமிருக்கும் இடங்கள் எல்லாவற்றின் மீதும் அந்த மாணவருக்கு முழு அதிகாரம்.

இப்போது தையல்காரர் மகளின் கேள்விக்கு வருவோம். அவளுக்கு முன்னால் நிற்பவர்கள் எடுத்தது எடுத்ததுதான். அவள் நோட்டில் என்ன எழுதியிருக்கிறது என்பது அவர்களைத் தொடாது. பின்னால் நிற்பவர்களின் பட்டியல்களைக் கணினி இன்னும் திறக்கவே இல்லை. எனவே அவள் முறை வரும்போது மிச்சம் என்னென்ன என்பது, அவள் எதை எழுதினாலும் மாறாமல் அப்படியே இருக்கும். அந்த மிச்சத்திலிருந்து எதை எடுப்பது என்பதை மட்டுமே அவள் பட்டியல் தீர்மானிக்கிறது. கிண்டியில் இடம் இல்லையா, கணினி அடுத்த வரிக்குப் போகும். அந்த ஒரு தோல்விக்கு அவள் கொடுத்த விலை பூஜ்யம். முழு நிரூபணமும் இவ்வளவுதான்.

2017 வரை இதே முறை கண்ணுக்கு முன்னால் நடந்தது. ஊர் ஊராக மாணவர்கள் பெற்றோரோடு சென்னைக்கு வந்து, அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் காத்திருப்பார்கள். திரையில் கல்லூரி வாரியாக, பிரிவு வாரியாகக் காலியிட எண்கள் ஓடிக்கொண்டிருக்கும். முன்னால் போனவர் ஒருவர் தேர்ந்தெடுத்ததும் எங்கோ ஓர் எண் ஒன்று குறையும். தன் முறை வந்ததும் மாணவர் உள்ளே போய், இருப்பதில் ஒன்றைக் காட்டிவிட்டு வருவார். அந்த மண்டபத்தில் யாரும் "கிண்டியைக் கேட்டால் மற்றது போய்விடுமா" என்று கேட்டிருக்க மாட்டார்கள். இருக்கிறதா இல்லையா என்பது கண்ணுக்கு நேரே தெரிந்தது. 2018-இல் கலந்தாய்வு ஆன்லைனுக்கு மாறியதும் பயணச் செலவு போனது, வளாகத்து மரத்தடிக் காத்திருப்பு போனது. கூடவே அந்தத் திரையும் போனது. மாணவர் தன் ஆசைகளை முன்கூட்டியே எழுதி, பார்க்க முடியாத ஓர் இயந்திரத்திடம் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறார். இந்தப் பயம் பிறந்தது அப்போதுதான் என்று நினைக்கிறேன். முறை மாறவில்லை. கண்ணில் தெரிந்துகொண்டிருந்த நிரூபணம் மறைந்துவிட்டது.

எல்லாக் கல்லூரிகளுக்கும் ஒரே தரவரிசை என்பதால் நம் கதை எளிதாக முடிந்தது. ஒவ்வொரு கல்லூரியும் தன் விருப்பப்படி தனித்தனி வரிசை வைத்திருந்தால்?

1960-இல் அமெரிக்காவில் அதுதான் நிலைமை. இன்றும் அங்கே பெரும்பாலும் அப்படித்தான். யேல் பல்கலைக்கழகத்தின் சேர்க்கைத் தலைவலிகளைப் பற்றி அந்த ஆண்டு செப்டம்பரில் நியூயார்க்கர் இதழில் ஒரு கட்டுரை வந்தது. எத்தனை பேருக்கு இடம் தருவது? தந்தால் எத்தனை பேர் வருவார்கள்? ஒரு மாணவர் வேறு எத்தனை கல்லூரிகளுக்கு எழுதியிருக்கிறார், அவற்றில் நமக்கு எத்தனையாவது இடம்? கல்லூரி மாணவரின் மனதை ஊகிக்கிறது, மாணவர் கல்லூரியின் மனதை ஊகிக்கிறார். பிரவுன் பல்கலைக்கழகத்தில் இருந்த டேவிட் கேல் என்ற கணித அறிஞர் அந்தக் கட்டுரையைப் படித்தார். யாரும் யாரையும் ஊகிக்கத் தேவையில்லாத ஒரு முறை இருக்க முடியுமா என்று நண்பர்கள் சிலருக்குக் கடிதம் எழுதினார். அவர்களில் ஒருவர் லாயிட் ஷேப்லி. மறு தபாலிலேயே விடை வந்தது. இருவரும் சேர்ந்து எழுதிய ஏழு பக்கக் கட்டுரை 1962 ஜனவரியில் வெளியானது. 'கல்லூரிச் சேர்க்கையும் திருமணத்தின் நிலைத்தன்மையும்' என்பது அதன் தலைப்பு.

திருமணத்தை அவர்கள் உவமையாக எடுத்தது நமக்கு நல்லதாயிற்று. ஷேப்லி அனுப்பிய விடையின் உயிர்நாடி, வரன் பார்க்கிற எல்லா வீடுகளிலும் புழங்குகிற ஒரு வாக்கியத்தில் இருக்கிறது: "யோசித்துச் சொல்கிறோம்." சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. இதைவிட நல்ல வரன் வந்தால் இதை விடுவார்கள். வராவிட்டால் இதுவே முடிவு.

ஒரு சின்ன உதாரணம் போட்டுப் பார்ப்போம். மலைக் கல்லூரி, ஆற்றுக் கல்லூரி, கடல் கல்லூரி என்று மூன்று. ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு இடம். மாணவர்கள் கயல், அன்வர், மேரி. கயலின் விருப்பம் மலை, ஆறு, கடல் என்ற வரிசையில். அன்வருக்கு மலை, கடல், ஆறு. மேரிக்கு ஆறு, மலை, கடல். கல்லூரிகளுக்கும் வரிசை உண்டு. மலைக் கல்லூரியின் பட்டியலில் மேரி முதல், பிறகு அன்வர், கடைசியில் கயல். ஆற்றுக் கல்லூரிக்குக் கயல் முதல், பிறகு மேரி, பிறகு அன்வர். கடல் கல்லூரிக்கு யார் வந்தாலும் சரி.

மூவரும் தங்கள் முதல் விருப்பத்தைக் கேட்கிறார்கள். மலைக்குக் கயலும் அன்வரும் போகிறார்கள். மலை அன்வரை வைத்துக்கொண்டு கயலை அனுப்பிவிடுகிறது. ஆற்றுக்கு மேரி போகிறாள், ஆறு அவளைத் தற்காலிகமாக வைத்துக்கொள்கிறது. விடை பெற்ற கயல் தன் இரண்டாம் விருப்பமான ஆற்றுக்கு வருகிறாள். ஆற்றின் பட்டியலில் மேரியைவிடக் கயல் மேலே. எனவே ஆறு கயலை எடுத்துக்கொண்டு மேரியை விடுகிறது. மேரி தன் அடுத்த விருப்பமான மலைக்குப் போகிறாள். மலைக்கு அன்வரைவிட மேரி பிடிக்கும். இப்போது அன்வர் வெளியே. அவன் கடலுக்குப் போகிறான், அங்கே இடம் இருக்கிறது. அனுப்பப்பட்டவர் யாரும் மிச்சமில்லை. அதுவரை தற்காலிகமாக இருந்தது எல்லாம் அந்தக் கணத்தில் உறுதியாகிறது: கயல் ஆற்றில், மேரி மலையில், அன்வர் கடலில்.

இந்த முடிவில் யாராவது நியாயமாகக் குறை சொல்ல முடியுமா? கயலுக்கு மலை பிடிக்கும், ஆனால் மலையில் இருக்கும் மேரி அங்கே அவளுக்கு மேலே. மேரிக்கு ஆறு பிடிக்கும், ஆனால் அங்கே கயல் மேலே. அன்வர் மலையைக் கேட்டால் அங்கேயும் மேரி மேலே. "என்னைவிடக் கீழே இருப்பவருக்கு நான் கேட்ட இடத்தைக் கொடுத்துவிட்டீர்கள்" என்று சொல்ல ஒருவர்கூட இல்லை. கேலும் ஷேப்லியும் இதைத்தான் நிலைத்தன்மை என்றார்கள். எத்தனை மாணவர்கள், எத்தனை கல்லூரிகள், எந்த விருப்ப வரிசை என்றாலும் இப்படி ஒரு முடிவு இருந்தே தீரும் என்று நிரூபித்தார்கள். அனுப்பப்பட்ட மாணவர் ஒரு கல்லூரிக்குத் திரும்பப் போவதில்லை, பட்டியலில் கீழேதான் இறங்குகிறார். பட்டியலுக்கு முடிவு உண்டு. ஆகவே இந்த ஆட்டத்துக்கும் முடிவு உண்டு. அந்தக் கட்டுரையில் சமன்பாடுகளால் நடக்கும் நிரூபணம் கிடையாது. சாதாரண வாக்கியங்களில் சொல்லிக்கொண்டே போகிறார்கள். கணித மதிப்பெண்ணில் ஒன்று குறைந்ததற்காக ஒரு வீடே சோறு தின்னாமல் இருந்ததைப் பார்த்தவன் நான். அந்தப் பிள்ளைகளின் சேர்க்கையைக் காக்கும் தேற்றத்தில் கூட்டல்கூட இல்லை என்பதைச் சொன்னால் பலர் நம்ப மறுக்கிறார்கள்.

இதே உதாரணத்தில் ஒரு வருத்தமும் ஒளிந்திருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. கயலும் மேரியும் இடம் மாற்றிக்கொண்டால் இருவருக்கும் முதல் விருப்பமே கிடைக்கும். அன்வர் எங்கேயும் நகர வேண்டாம். பிறகு ஏன் மாற்றவில்லை? மாற்றினால் மலையில் கயல் இருப்பாள். அங்கே அவளைவிட மேலே இருக்கும் அன்வர், "எனக்கு இல்லையா?" என்று கேட்பான். அவன் கேள்விக்குப் பதில் இருக்காது. தனித்தனித் தரவரிசைகள் இருக்கும் இடத்தில், நியாயத்துக்காகச் சில நேரம் சந்தோஷத்தை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது. ஒரே தரவரிசை மட்டும் இருக்கும் இடத்தில் இந்தச் சிக்கல் எழாது.

இனி, தையல்காரர் மகள் பயந்த அந்த ஊர். அமெரிக்காவின் பாஸ்டன் நகரப் பள்ளிகளில் 2005 வரை வேறொரு முறை இருந்தது. அங்கே "யோசித்துச் சொல்கிறோம்" கிடையாது. முதல் சுற்றில் முதல் விருப்பமாக எழுதியவர்களை மட்டும் பார்த்து, அப்போதே இடத்தை உறுதியாகக் கொடுத்துவிடுவார்கள். நம் மூவரையும் அதில் விட்டுப் பாருங்கள். மலை அன்வருக்கு, ஆறு மேரிக்கு, முதல் சுற்றிலேயே முடிந்தது. கயல் இரண்டாம் விருப்பமாக ஆற்றுக்குப் போனால் கதவு பூட்டியிருக்கிறது. ஆற்றின் பட்டியலில் முதலிடம் அவளுக்குத்தான்! ஆனால் அவள் கடலுக்குப் போக வேண்டும். உண்மையாக எழுதியதால் தண்டனை. மலையை அடித்துவிட்டு ஆற்றை முதலில் எழுதியிருந்தால் அவள் தப்பித்திருப்பாள்.

இந்தச் சூட்சுமம் தெரிந்த பெற்றோர் அங்கே குழுவாகக் கூடி, எந்தப் பள்ளிக்கு எவ்வளவு கூட்டம் வரும் என்று தகவல் திரட்டிப் பிள்ளைகளுக்குப் பட்டியல் எழுதினார்கள். இரண்டு வேலை பார்க்கும் தாய்க்கும், ஊருக்குப் புதிதாக வந்தவர்களுக்கும் அது தெரியாது. அவர்கள் மனதில் இருந்ததை எழுதி ஏமாந்தார்கள். ஆல்வின் ராத் முதலிய பொருளியல் அறிஞர்கள் இதை எடுத்துக்காட்டிய பிறகு, 2005-இல் பாஸ்டன் அந்த முறையைக் கைவிட்டு ஷேப்லியின் முறைக்கு மாறியது. இந்த முறையில், கேட்கிற தரப்புக்குப் பொய்யால் லாபமே கிடையாது என்பது 1980-களின் தொடக்கத்தில் நிரூபிக்கப்பட்டிருந்தது. முதல் தலைமுறையாகக் கல்லூரி வாசலை மிதிக்கும் வீட்டுக்கு இந்தத் தேற்றத்தைப்போல ஒரு துணை வேறு எதுவும் இல்லை என்பது என் எண்ணம். விவரம் தெரிந்த மாமா இல்லாத பிள்ளையும், ஆலோசகருக்குப் பணம் கட்டிய பிள்ளையும் பட்டியல் எழுதும் விஷயத்தில் ஒரே தரையில் நிற்கிறார்கள். மனதில் இருப்பதை அப்படியே எழுதுவதைவிடச் சிறந்த தந்திரம் எந்தப் பணத்துக்கும் கிடைக்காது.

ராத் இன்னொன்றையும் கண்டுபிடித்தார். அமெரிக்காவில் மருத்துவப் பட்டதாரிகளைப் பயிற்சிக்காக மருத்துவமனைகளில் சேர்க்கும் திட்டம், 1950-களின் தொடக்கத்திலிருந்தே ஏறக்குறைய இதே முறையைப் பயன்படுத்திவந்தது. தேற்றம் பிறப்பதற்குப் பத்தாண்டுகள் முன்பே, பட்டுத் தெரிந்துகொண்டு அவர்கள் அங்கே வந்து சேர்ந்திருந்தார்கள். 2012-இல் ஷேப்லிக்கும் ராத்துக்கும் பொருளியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. கடிதம் எழுதிக் கேள்வியைத் தொடங்கிவைத்த கேல் 2008-இலேயே இறந்துவிட்டார்.

நம் பிள்ளைகளில் சிலர் இந்த முறையின் முழு வடிவத்தையும் சந்திக்கிறார்கள். ஐஐடிகளுக்கு ஒரு தரவரிசை, என்ஐடிகளுக்கு வேறொரு தரவரிசை. என்ஐடிகளில் பாதி இடங்கள் அந்தந்த மாநிலத்தவர்க்கு. 2015-க்கு முன்பு இவை தனித்தனியாகச் சேர்க்கை நடத்தின. ஒரே மாணவர் இரண்டு இடங்களைப் பிடித்து, ஒன்றை விட்டுப் போக, அது காலியாகவே கிடக்கும். 2015-இல் இரண்டையும் ஒரே கலந்தாய்வாக்கினார்கள். ஒத்திவைத்து ஏற்கும் ஷேப்லியின் முறைதான் அதன் அடிப்படை. திருச்சி என்ஐடிக்கும் சென்னை ஐஐடிக்கும் ஒரே பட்டியலில் விருப்பம் எழுத முடிவது அதனால்தான்.

தமிழ்நாட்டுக் கலந்தாய்விலும் தற்காலிக ஒதுக்கீடு என்ற சொல் உண்டு. ஒதுக்கீடு வந்தபின், கிடைத்ததை ஏற்றுக்கொண்டே மேல் விருப்பங்களுக்காகக் காத்திருக்கலாம். யாராவது சேராமல் விட்ட இடம் உங்கள் பட்டியலில் மேலே இருந்தால் அது உங்களுக்கு வரும். வந்தால் கீழே இருந்தது போய்விடும். இங்கேதான் பலர் தவறுகிறார்கள். சொந்தக்காரர்கள் கேட்டால் சொல்லிக்கொள்ளலாம் என்று, படிக்க விருப்பமில்லாத பிரிவை மேல் வரிகளில் எழுதியவர் உண்டு. கணினி அதை ஆசை என்றே எடுத்துக்கொள்ளும். உண்மையில் பிடித்த இடத்திலிருந்து பெயர்த்து, பிடிக்காத இடத்தில் கொண்டுபோய் வைக்கும்.

எத்தனை விருப்பங்கள் வேண்டுமானாலும் எழுதலாம் என்பது நம் முறையின் பெரிய பலம். நியூயார்க் நகர உயர்நிலைப் பள்ளிகள் 2003-இல் இந்த முறைக்கு மாறியபோது பன்னிரண்டு வரிகள்தான் கொடுத்தார்கள். வரிகளுக்கு வரம்பு வந்தால் ஊகம் மறுபடி உள்ளே வந்துவிடும், எதை விடுவது என்று யோசிக்க வேண்டியிருக்கும். இங்கே அந்தக் கவலை இல்லை. மேலே ஆசைப்பட்டு எழுதுவதால் நட்டம் வராது. கீழே எழுதாமல் நிறுத்துவதால் வரும். பத்து வரியோடு நிறுத்திய ஒருவருக்குப் பத்திலும் இடம் இல்லையென்றால், அந்தச் சுற்றில் அவருக்கு ஒதுக்கீடே கிடையாது. சேர்ந்து படிக்கத் தயாராக இருக்கும் கடைசிக் கல்லூரி வரை எழுதிவிட வேண்டும். அதற்குக் கீழே, கிடைத்தாலும் போக மாட்டேன் என்பதை எழுத வேண்டாம்.

தேற்றத்தால் செய்ய முடியாத வேலை ஒன்று உண்டு. எது பிடிக்கும் என்று அது சொல்லாது. நானூறுக்கும் மேற்பட்ட கல்லூரிகள், ஒவ்வொன்றிலும் பல பிரிவுகள். பெரிய கல்லூரியில் விருப்பமில்லாத பிரிவா, சிறிய கல்லூரியில் விரும்பிய பிரிவா? வீட்டிலிருந்து தினம் போய்வர முடியுமா, விடுதிக் கட்டணம் கட்ட முடியுமா? அங்கே மூன்றாம் ஆண்டு படிக்கும் பிள்ளைகள் என்ன சொல்கிறார்கள்? வகுப்பு நடக்கிறதா, ஆய்வகம் திறக்கிறதா? போன வருடக் கட்-ஆஃப் பட்டியலை வைத்துக்கொண்டு இரவெல்லாம் ஊகிக்கும் நேரத்தை இந்தக் கேள்விகளுக்குக் கொடுத்திருந்தால் எத்தனையோ பிள்ளைகளின் நான்கு ஆண்டுகள் வேறு மாதிரி இருந்திருக்கும். போன வருடக் கட்-ஆஃப் ஒரு வேலைக்கு உதவும்: பட்டியலை எவ்வளவு தூரம் கீழே நீட்ட வேண்டும் என்று தெரிந்துகொள்ள. மேலே எதை அடிப்பது என்பதற்கு அதைப் பயன்படுத்தக் கூடாது.

அன்று மாலை அவளும் நானும் உட்கார்ந்து நாற்பத்து மூன்று வரிகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தோம். இரண்டிரண்டாக எடுத்துக் கேட்டேன்: "இந்த ரெண்டும் உன் கையில இருக்குன்னு வை. எதுக்குப் போவே?" அவள் யோசித்துச் சொன்னாள். ஒன்பது வரிகள் இடம் மாறின. ஒரே பெயர் கொண்ட இரண்டு கல்லூரிகளில் ஒன்றின் குறியீட்டு எண் தவறியிருந்தது, திருத்தினாள். கீழே பதினைந்து வரிகள் சேர்த்தாள். முதல் வரியில் கிண்டி அப்படியே இருந்தது.

உங்கள் வீட்டிலும் இந்த ஆண்டு ஒரு பிள்ளை அப்படி ஒரு நோட்டோடு உட்கார்ந்திருக்கலாம். லாக் செய்வதற்கு முன் பக்கத்தில் உட்காருங்கள். எண்களைச் சரிபாருங்கள். எது கிடைக்கும் என்று கேட்காதீர்கள். எது வேண்டும் என்று கேட்டு, அந்த வரிசையிலேயே எழுத விடுங்கள்.